ஒரு மீனுக்கு மூணு குடம்

“இது இன்னாது?”

வாசலில் நின்ற மூணு சக்கர மீன்பாடி வண்டியிலிருந்து வேம்புலியும் அவனோடு பட்டறையில் வேலை பார்க்கும் தேவராஜும் ஓர் இரும்பு ஸ்டாண்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தொட்டி ஏற்கெனவே கீழே இறங்கி, பழைய கோணிமேல் உட்கார்ந்திருந்தது. வேம்புலியின் மனைவி கஸ்தூரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றாள்.

“தொட்டி. வேற இன்னா, தேரா?” என்றான் வேம்புலி.

“நான் இன்னா அளவு சொன்னேன்?”

“நீ சொன்ன அளவுக்கு ஊட்ட இடிச்சிட்டுத்தான் கட்டணும்.”

“நாலடி சொன்னேன். இது ரெண்டரை கூட வராது போல கீது.”

“கரெக்டா ரெண்டரை. ஒரு நூல் கொறஞ்சிருந்தா என் பேர மாத்திக்கிறேன். ஸ்டாண்ட தட்டிப் பாரு, யானை ஏறி நிக்கும்.”

“யானையா வளக்கப் போறேன்? மீனுய்யா!”

தேவராஜ் சிரித்தான். “அண்ணி, அண்ணன் ராவும் பகலும் ஒக்காந்து வெல்டு அடிச்சிகீறாரு. ஒரு டீயாவது போடுங்க.”

கஸ்தூரி டீ போடவில்லை.

அவள் கேட்டது ஒன்றும் ஆசைக்குக் கேட்ட அளவு இல்லை. அண்ணனூரில் இதே வீட்டுப் பின்கட்டில், சிமெண்டுத் தொட்டி ஒன்றில் இரண்டு வருஷமாக ஏஞ்சல் மீன் வளர்த்தாள். பொரித்த குஞ்சை எல்லாம் ஒன்று விடாமல் ஆளாக்கி, மொத்தத்தையும் கொரட்டூர் சுலைமான் பாயிடம் கொடுத்துவிட்டு, மாற்றாக ஆறே ஆறு டிஸ்கஸ் குஞ்சுகளை வாங்கி வந்திருந்தாள். அப்பளத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி வட்டமாக, தட்டையாக இருக்கும் மீன். குஞ்சுகள் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அகலம். ஆறில் ஒரு ஜோடி தானாகச் சேரும், முட்டை வைக்கும், பொரித்த குஞ்சுகள் ஆயி அப்பன் உடம்பில் ஊறுகிற பாலை மேய்ந்துதான் பிழைக்கும் என்று பாய் சொல்லியிருந்தார். மீன் பால் கொடுக்குமா என்று அவள் வாயைப் பிளந்தாள். அதை ஒரு தரம் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

“இதுக்கு சிமெண்டு ஆவாது, கண்ணாடிதான். நாலடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை ஒசரம். கொறைச்சா குடுக்கவே மாட்டேன்” என்று பாய் கறாராகச் சொல்லித்தான் கொடுத்தார். இவளும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தாள். வீட்டிலேயே வெல்டர் இருக்க வெளியில் எதற்குக் கொடுப்பது என்று வேம்புலி ஏற்றுக்கொண்டான். அன்றே அவள் மாட்டேன் என்றிருக்க வேண்டும்.

“ரூபாத் துட்டு அளவு மீனுக்கு நாலடி எதுக்குடி?”

“அது சாஸர் அளவுக்கு வளரும்.”

“வளரும்போது பாத்துக்கலாம். நாங்க ஒரே ரூம்ல எட்டுப் பேரு வளரல? செத்தா பூட்டோம்?”

“உங்கம்மா உங்களுக்கு அந்த ரூமுக்குள்ளயே கக்கூசும் வெச்சிருந்தாங்களா? மீனு தின்றதும் அதே தண்ணில, போறதும் அதே தண்ணிலதான்.”

தேவராஜ் வெளியே போய் வண்டிக்காரனிடம் ஏதோ பேசுவதுபோல நின்றுகொண்டான்.

மீன்கள் இரண்டு நாளாகச் சோற்று அண்டாவுக்குள் இருந்தன. இன்னொரு நாள் அதில் விட்டாலும் தாங்காது. பல்லைக் கடித்துக்கொண்டு அன்று சாயங்காலம் ஆறையும் அந்த ரெண்டரை அடிக்குள் விட்டாள். ஸ்டாண்டுக்கு வேம்புலி பச்சைப் பெயிண்டு அடித்து, எதிர் வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினான். மீனை அல்ல, ஸ்டாண்டை.

அதற்குப் பிறகு கஸ்தூரி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டால் குளோரின் மருந்து வாடைக்கு மீன் செத்துப்போகும். தெருக்குழாயில் பிடித்து வந்து நீல டிரம்மில் ஊற்றி, ஒரு நாள் ஆறவைத்து, அதிலிருந்து மொண்டு ஊற்ற வேண்டும். பெரிய தொட்டி என்றால் வாரத்துக்கு இரண்டு தரம் மாற்றினால் போதும். இதில் ஒரு நாள் விட்டால் மறுநாள் தண்ணீர் கலங்கி நாறியது. தினமும் இரண்டு குடம் வெளியே, இரண்டு குடம் உள்ளே. தோள்பட்டை கழன்றது.

அப்படியும் மீன்கள் தேறவில்லை. உடம்பு கறுத்து, எல்லாம் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டன. பெரியதாக இருந்த ஒன்று மற்றதைச் சாப்பிட விடாமல் முட்டித் துரத்தியது. துரத்தப்பட்டது ஓட ஓர் இடம் வேண்டுமே, இல்லை. ஆறாவது வாரம் ஒரு வியாழக்கிழமை காலையில் சிறியது தண்ணீருக்கு மேலே சாய்ந்து கிடந்தது.

வேம்புலி பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தான். “உன் தண்ணி சரியில்ல.”

“இன்னா சொன்ன?”

“தண்ணில கோளாறு. தொட்டி ஒரு சொட்டு லீக்கு ஆவல, பாரு.”

கஸ்தூரி தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, ரயிலேறிக் கொரட்டூரில் இறங்கினாள்.

சுலைமான் பாய் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எத்தினி கொடம் புடிக்குது தங்கச்சி, உன் தொட்டி?”

“அஞ்சு.”

“அஞ்சா? ஒரு மீனுக்கு மூணு கொடம். ஆறுக்கு இன்னா ஆச்சு? பதினெட்டு. அதுக்குத்தானே நாலடி சொன்னேன்! தண்ணி கெடல, தண்ணியே இல்ல. நல்லா வளத்துகினு இருந்த பொம்பள நீ. யார் பேச்சக் கேட்டு இந்த வேல பண்ணே?”

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கஸ்தூரிக்கு முகம் எரிந்தது.

“எங்க ஊட்டுக்காரரு ஸ்டாண்டு அடிச்சாரு பாய்.”

“ஸ்டாண்ட யாரு கேட்டா? மீனுக்கு அளவு பாத்து தொட்டி, தொட்டிக்கு அளவு பாத்து ஸ்டாண்டு. போம்மா. மிச்சத்தையாவது காப்பாத்து.”

திரும்பி வரும்போது மணி நாலு. பட்டறையில் அன்று கரண்டு இல்லையாம். வேம்புலியும் தேவராஜும் வீட்டில் உட்கார்ந்து டீயில் பொறை ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

“வா அண்ணி. மீனு பூட்டுச்சாமே” என்றான் தேவராஜ். அவனுக்கு உண்மையிலேயே வருத்தம். அதனால்தான் வாய் நீண்டது. “நான் அப்பவே சொன்னேண்ணே, இது பேட்டரி வெக்கிற ஸ்டாண்டு, மீனுத் தொட்டிக்கு ஆவாதுன்னு.”

வேம்புலி கையிலிருந்த பொறை டம்ளருக்குள் விழுந்தது.

“இன்னா ஸ்டாண்டு?” என்றாள் கஸ்தூரி.

“அது... பாடியில கீற கம்பெனிக்காரன் பேட்டரி வெக்க ஆர்டர் குடுத்தான். ஓட்டை போட்ட எடம் மாறிப் போச்சுன்னு வேணாம்னுட்டான். சும்மாதான கெடந்துச்சு, அண்ணன்தான்...” தேவராஜ் எழுந்து செருப்பைத் தேடினான். “நான் வரேன் அண்ணி.”

“ராவும் பகலும் வெல்டு அடிச்சாருன்னியே!”

“அடிச்சாரு அண்ணி. பேட்டரிக்கு.” சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான்.

கஸ்தூரி வேம்புலியைப் பார்த்தாள். “எவனோ வேணாம்னு தள்ளுன இரும்பு. அதுக்கு அளவெடுத்து கண்ணாடி. அதுக்குள்ள என் மீனு. அது செத்தா என் தண்ணி சரியில்ல. இல்ல?”

“வேஸ்டா பூடுமேன்னு...”

“இரும்பு வேஸ்டாவக் கூடாது. ரெண்டு வருஷம் நான் வளத்தது வேஸ்டானா பரவாயில்ல.”

“கத்தாத கஸ்தூரி. அக்கம் பக்கம்...”

“கத்துவேன். எதிர் ஊட்டுக்காரனக் கூப்புடு. ஸ்டாண்ட காட்டுன இல்ல, இத்தையும் காட்டு!”

கத்திக்கொண்டே வலையை எடுத்தாள். குளியலறைப் பக்கம் இருந்த நீல டிரம் நேற்றுப் பிடித்த தண்ணீரோடு கழுத்துவரை நிறைந்திருந்தது. இருநூறு லிட்டர். பதினாலு, பதினைஞ்சு குடம். மீனும் இப்போது ஐந்துதான். தொட்டித் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரைக் கழற்றி டிரம்முக்குள் தொங்கவிட்டாள். தண்ணீர் சூடேறும்வரை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், வேம்புலியைப் பார்க்கவில்லை. பிறகு மீன்களை ஒவ்வொன்றாக வலையில் எடுத்து டிரம்மில் விட்டாள்.

“யேய், ஊட்டுக்கே இருக்கிற தண்ணி அது. நான் எதுல குளிக்கிறது?”

“அதோ, தொட்டி காலியாத்தானே கீது? அஞ்சு கொடம் புடிக்கும். எட்டுப் பேருக்குப் போதும்.”

மறுநாள் காலையில் வேம்புலி துண்டைக் கட்டிக்கொண்டு தெருக்கோடி அடிபம்புக்குப் போனான். குடத்தோடு நின்ற முனியம்மா விடவில்லை.

“இன்னா அண்ணாத்தே, ஊட்ல தண்ணி இல்லியா?”

“கீது.”

“அப்புறம்?”

“மீனு குளிக்குது.”

வரிசை முழுக்கச் சிரித்த சத்தம் வீடுவரை கேட்டது. கஸ்தூரிக்குச் சிரிப்பு வரவில்லை. டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தும் அடியில் கறுப்பாகவே நின்றன. பிழைக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால் இன்று ஒன்றையொன்று முட்டவில்லை.

மூன்றாம் நாள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவன் அவள் பின்னால் நின்றான். பட்டறையில் இரும்பில் கோடு போடுகிற சாக்குக்கட்டி கையில் இருந்தது.

“எத்தினின்னு சொன்ன?”

“உனக்குத் தெரியும்.”

“இன்னொரு தபா சொல்லேன்.”

அவள் திரும்பவில்லை. “நாலடி. ஒன்றரை. ஒன்றரை.”

அவன் சுவரில் எழுதினான். எழுதிவிட்டு, “ஸ்டாண்டுக்கு ஒன்றரை இஞ்ச் ஆங்கிள் இரும்பு போட்டா...” என்று ஆரம்பித்தான்.

“ஸ்டாண்டப் பத்தி இன்னொரு வார்த்த பேசுன, நானு பேச மாட்டேன், உன் பட்டற சுத்தியல்தான் பேசும். போய் கண்ணாடிய வெட்டிகினு வா.”