நத்தை ஆய்வேட்டின் நன்றிப் பக்கம்

1

"இதையெல்லாம் டைப் அடிக்கிறியே, ஒனக்கு ஏதாவது புரியுதா?"

இப்படி ஒருவர் என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஆட்டுவதற்கு நான் பள்ளியிலேயே கற்றுக்கொண்டிருந்தேன். அங்கே நான் ஒழுங்காகக் கற்றது அது ஒன்றுதான். கேட்டவர் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டார். நிம்மதியாக என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். ஆறு மாதம் பேசினார்.

இந்தக் கதைக்குக் காரணம் அந்தத் தலையாட்டல்தான். அன்று வாயைத் திறந்து "புரியுது அக்கா" என்று சொல்லியிருந்தால் அவர் என்னிடம் அவ்வளவும் சொல்லியிருக்க மாட்டார். நானும் அந்தப் பக்கத்தை எழுதியிருக்க மாட்டேன். ஐந்து பிரதிகளும் அன்று மத்தியானம் இப்படி—

வேண்டாம். அவசரப்பட்டுவிட்டேன். முதலிலிருந்து.

2

தொடக்க வரிகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, இரண்டு ஜெராக்ஸ் இயந்திரங்களின் ஓயாத இரைச்சலுக்கு நடுவே, மௌனமே உருவான ஓர் இளம்பெண்..." [அடித்துவிட்டேன். இளம்பெண் என்றால் யாரோ போல இருக்கிறது. தவிர, இரண்டில் ஓர் இயந்திரம் போன மாதத்திலிருந்து ஓடவில்லை.]

"நத்தைகள் வீடு திரும்புமா?" [பத்திரிகைத் தலைப்பு மாதிரி இருக்கிறது.]

"என் மாமா எதையும் படிப்பதில்லை." இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

என் மாமா எதையும் படிப்பதில்லை. அம்மாவின் தம்பி. இருபத்திரண்டு வருடமாக ஆய்வேடுகளை டைப் அடித்து, நகலெடுத்து, பைண்டிங் செய்து கொடுக்கிறார். பத்தாம் வகுப்பில், எழுந்து நின்று பேச வேண்டிய தேர்வில் நான் எழுந்தேன், நின்றேன், அவ்வளவுதான் முடிந்தது. அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்குப் போகவில்லை. "இங்க அனுப்புக்கா. கம்ப்யூட்டர்கிட்ட யாரும் பேச வேண்டியதில்ல" என்று மாமா அம்மாவிடம் சொன்னார். சேர்ந்த அன்றே எனக்கு ஒரு பாடம் எடுத்தார்.

"படிச்சா கை நிக்கும். கை நின்னா வேலை நிக்கும். எழுத்த மட்டும் பாரு, அர்த்தத்தப் பாக்காத."

நான் அர்த்தத்தையும் பார்த்தேன். அவருக்குத் தெரியாமல். பிடித்த வரிகளைக் குறித்தும் வைத்தேன். கடையில் வீணாகும் தாள்களின் பின்பக்கத்தை அளவாக வெட்டித் தைத்துக்கொண்ட நோட்டுகள் இதுவரை பதினொன்று இருக்கின்றன. பெரிய தாள் கட்டுகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன்.

[இந்தத் தாளின் முன்பக்கத்தில் மாட்டின் வயிற்றில் சேரும் வாயு பற்றிய வரைபடம் இருக்கிறது. மை இந்தப் பக்கம் ஊறிவிட்டது. கதைக்கு நடுவே ஒரு கோடு ஏறி இறங்குவது தெரிந்தால், அது கதையின் உச்சக்கட்டம் அல்ல, மாடு.]

3

எங்கள் கடையில் யாருக்கும் பெயர் கிடையாது. அவரவர் துறைதான் பெயர். மேற்படி மாட்டை ஆராய்ந்தவர் வாயு சார். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களை ஆராய்ந்தவர் பல் மேடம். பாலங்கள் எப்படி நடுங்குகின்றன என்று ஏழு வருடம் பார்த்தவர் பாலத்துக்காரர். இன்று யாரும் பேசாத ஒரு மொழியிலிருந்து வசவுச் சொற்களை மட்டும் பொறுக்கித் தொகுத்தவர் வசவு ஐயா. கடைக்கு வருகிறவர்களிலேயே மரியாதையாகப் பேசுகிறவர் அவர்தான்.

துறை எதுவானாலும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிக்கல் உண்டு. முந்நூறு பக்கம் எழுதியவருக்கு ஒரு பக்கம் நன்றி எழுத வராது. கடைசி நாளில் வந்து தலையைச் சொறிவார்கள்.

"அந்த நன்றி பக்கம் மட்டும் நீங்களே போட்டு விட்டுருங்க."

மாமாவிடம் அதற்கென்று ஒரு பக்கம் தயாராக இருக்கிறது. 'என் ஆய்வுப் பாதையில் அணையா விளக்காய் நின்று ஒளியூட்டிய பெருமதிப்பிற்குரிய என் வழிகாட்டி...' என்று ஆரம்பிக்கும். பெயர்களை மட்டும் மாற்றினால் போதும். சில நேரம் அதுவும் மறந்துபோகும். சிறுநீரகக் கல்லை ஆராய்ந்த ஒருவர், தன்னைத் தூணாகத் தாங்கியதற்காகப் பாலத்துக்காரரின் மனைவிக்கு நன்றி சொல்லிப் பட்டம் வாங்கிவிட்டார். இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஏனென்றால் அந்தப் பக்கத்தைப் படிக்கிறவர் ஒருவர்தான்: வழிகாட்டி. அவரும் முதல் பத்தியை மட்டும்தான் படிப்பார். தன் பெயர் முதலில் வருகிறதா, விளக்கு அணையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

முதல் பத்தி. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

நத்தை அக்காவைப் பற்றி. என்னைக் கேள்வி கேட்டவர் அவர்தான்.

நத்தை ஓர் இடத்திலிருந்து கிளம்பினால், திரும்பும்போது தான் விட்டுப்போன பசைத் தடத்தின் மேலேயே வருகிறதா, வேறு வழி பார்க்கிறதா? இதுதான் அவருடைய ஆய்வு. கண்ணாடித் தகட்டில் இருநூற்றுப் பதினான்கு நத்தைகளை ஒவ்வொன்றாக விட்டு, ஆறு வருடம் பார்த்தார். நத்தைகளுக்கு அவசரமே இல்லை. பல்கலைக்கழகத்துக்கு இருந்தது. நீட்டித்த கெடுவையும் நீட்டித்து, கடைசியாக ஒரு தேதி கொடுத்தார்கள். அன்று நான்கு மணிக்குள் வழிகாட்டியின் கையெழுத்தோடு ஐந்து பிரதிகள் அலுவலகத்துக்குப் போக வேண்டும். தவறினால் பதிவு ரத்து. ஆறு வருடமும் போச்சு.

திருத்தம் போட வரும்போதெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். நான் தட்டிக்கொண்டே இருப்பேன். அவர் பேசிக்கொண்டே இருப்பார்.

"ஒங்கிட்ட பேசுனா செவுத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு தங்கச்சி. எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

அது பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

[இங்கே ஒரு சந்தேகம். அவருடைய வழிகாட்டியை நான் பார்த்ததே இல்லை. அக்கா சொன்னதுதான். முதல் வரைவில் அவருக்கு மூக்கின் நுனியில் ஒரு கண்ணாடி கொடுத்தேன். பிறகு பிடுங்கிக்கொண்டேன். ஒரு தொந்தி கொடுத்தேன். அதுவும் நியாயமாகப் படவில்லை. வீட்டில் அவருக்கும் ஏதாவது கஷ்டம் இருக்கலாம். ஒருவேளை நத்தை என்றால் அவருக்குப் பயமோ என்னவோ. ஆகவே அவர் இந்தக் கதையில் முகமில்லாமல்தான் வருவார். சரியாகச் சொன்னால், வரவே மாட்டார்.]

5

மாமாவின் நன்றிப் பக்கம் எனக்குப் பிடிக்காது. அதனால் ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் உண்மையான நன்றி ஒன்றை எழுதி நோட்டில் வைத்துக்கொள்வது என் வழக்கம். வாயு சாரின் நன்றியில் மாடு உண்டு. வசவு ஐயாவின் நன்றியை அவர் மொழியிலேயே எழுத ஆசைப்பட்டேன், வீட்டில் திட்டுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

நத்தை அக்காவுக்கு எழுதியது மட்டும் நன்றாக வந்தது. நன்றாக வந்தால் ஒரு ஆசை வரும்: அச்சில் எப்படி இருக்கும்? அதே எழுத்து, அதே ஓரம், கீழே நன்றிப் பக்கத்துக்கு உரிய அதே நான்காம் எண். ஒரே ஒரு தாள் எடுத்துப் பார்த்துவிட்டு ஒளித்துவைக்கலாம் என்று அடித்தேன். இதுதான் அது:

'இந்த ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியருக்கு நன்றி. ஆறு வருடத்தில் அவர் என் நத்தைகளை ஒருமுறை வந்து பார்த்தார். கழிவறை என்று நினைத்து நத்தை அறையின் கதவைத் திறந்ததாகச் சொன்னார். ஆனாலும் வந்தார்.

என் அம்மாவுக்கு நன்றி. நத்தை என்று சொல்லக் கூச்சப்பட்டு, நான் புலியைப் பற்றிப் படிப்பதாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவருகிறார். நான் பத்திரமாக இருக்க வேண்டும் என்று அவர்களும் வேண்டிக்கொள்கிறார்கள்.

என்னை நிச்சயம் செய்துகொண்டு, இரண்டாம் அத்தியாயத்தின்போது விலகிக்கொண்டவருக்கு நன்றி. மூன்றாம் அத்தியாயம் சீக்கிரம் முடிந்தது.

பெட்டி திறந்துகொண்டு நத்தைகள் அறை முழுக்கப் போன அன்று, ஒன்றைக்கூட மிதிக்காமல் முழங்காலிட்டு எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்த, தரை துடைக்கும் அம்மாவுக்கு நன்றி. முதலில் வர வேண்டியவர். வழக்கப்படி கடைசியில் வருகிறார்.'

6

அச்சானதும் என்னை மாமா பசை வாங்க அனுப்பினார். திரும்பி வந்தபோது அச்சு இயந்திரத்தின் தட்டில் தாள் இல்லை. எங்கேயோ விழுந்திருக்கும் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்பது என்றால் பேச வேண்டும்.

மறுநாள், அந்தக் கடைசி நாளில், மத்தியானம் இரண்டரை மணிக்கு அழுத்தும் கட்டையிலிருந்து ஐந்து பிரதிகளையும் எடுத்தோம். கருநீல ரெக்ஸின், தங்க எழுத்து. ஓரம் சரியாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தேன்.

இந்த இடத்தில் 'என் இதயம்...' என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. எனக்கு வயிற்றில்தான் ஏதோ ஆனது. வாயு சாரைக் கேட்டால் தெரியும்.

நன்றிப் பக்கத்தைப் பிரித்து மாமாவின் முன்னால் நீட்டி, விரலை வைத்தேன்.

"என்ன?"

விரலை எடுக்கவில்லை.

"ரெண்டு நாலாம் பக்கம் கெடந்துச்சு. ஒண்ணத் தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ண வெச்சு நகலெடுத்தேன். ரெண்டும் நாலுதானே?"

இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக மாமா ஒரு பக்கத்தைப் படித்தார். கழிவறை வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு மெல்ல நின்றது.

"இது... அவங்க சொல்லி எழுதுனதா?"

இல்லை என்று தலையாட்டினேன். இந்த முறை தெளிவாக.

"இதுக்குத்தான்டி நான் எதையும் படிக்கிறதில்ல!" என்றார். உடனே பிளேடைத் தேடினார். "நாலாம் பக்கத்த மட்டும் அறுத்துட்டு வேற ஒட்டிடலாம். அஞ்சு புக்கு, அரை மணி நேரம். அந்தம்மா மூணேகாலுக்குத்தானே வரும்?"

அந்தம்மா படியேறி வந்துகொண்டிருந்தார். மணி இரண்டே முக்கால்.

7

ஆய்வேட்டை வாங்க வருகிற எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்வார்கள். முதலில் முகர்ந்து பார்ப்பார்கள். அடுத்து நன்றிப் பக்கத்தைத் திறப்பார்கள். நத்தை அக்காவும் முகர்ந்தார்.

"ஐயோ, குழந்த மாதிரி வாசன அடிக்குதுண்ணே!" என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டே திறந்தார்.

"ஏம்மா, அத அப்புறமா—"

படிக்க ஆரம்பித்துவிட்டார். நான் கணினித் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். ஆனாலும் தெரிந்தது. முதல் பத்தியில் புருவம் ஏறியது. இரண்டாவதில் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாவதில் விரல் வரிமேல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் நகரவே இல்லை. நான்காவதை எத்தனை முறை படித்தார் என்று நான் எண்ணவில்லை.

"யாரு எழுதுனது இது?"

"கம்ப்யூட்டர் கோளாறும்மா" என்றார் மாமா.

"கம்ப்யூட்டருக்கு எங்கம்மா புலின்னு சொல்றது எப்படித் தெரியும்?"

"நான்தான் அக்கா."

குரல் எங்கிருந்து வந்தது என்று மாமா ஓடாத ஜெராக்ஸ் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயா? அப்ப நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்த?"

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"ஆமாக்கா."

மாமா உள்ளே புகுந்து பேசினார். "ஒரு அரை மணி நேரம் குடும்மா. அறுத்துட்டு நல்லதா ஒண்ணு ஒட்டிடறேன். பழையபடி வெளக்கு, ஒளி எல்லாம் வந்துரும். இத அப்படியே கொண்டுபோனா ஒங்க சாரு கையெழுத்துப் போடவா போறாரு? மூஞ்சிலயே தூக்கி எறிவாரு." அவர் கை அதற்குள் ஐந்து புதுத் தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தது. பக்கத்தில் பிளேடு.

அக்கா தாள்களைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். மூன்று.

8

இங்கே கதையை நிறுத்திவைத்திருக்கிறேன். முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

முடிவு ஒன்று: அக்கா தலையசைக்கிறார். மாமா அறுத்து ஒட்டுகிறார். வழிகாட்டி கையெழுத்துப் போடுகிறார். எல்லோருக்கும் நல்லது. [எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.]

முடிவு இரண்டு: அக்கா அப்படியே கொண்டுபோகிறார். வழிகாட்டி முதல் வரியை மட்டும் படிக்கிறார். 'வழிகாட்டிய பேராசிரியருக்கு நன்றி.' சரிதானே? கையெழுத்துப் போட்டுவிடுகிறார். [இது நடக்கக்கூடியது. அதனாலேயே கதையில் யாரும் நம்ப மாட்டார்கள்.]

முடிவு மூன்று: வழிகாட்டி முழுவதும் படித்து, கண்கலங்கி, நத்தைகள் இருக்கும் அறைக்கு நடந்து போய்க் கதவைத் திறக்கிறார். [அது நிஜமாகவே கழிவறையாக இருக்கிறது. அடித்துவிட்டேன். முகமில்லாதவருக்குக் கண்ணை மட்டும் கலங்கவைப்பது மோசடி.]

முடிவு நான்கு: அவர் இரண்டாவது வரியிலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார். நான்கு மணி ஆகிறது. ஆறு வருடம், இருநூற்றுப் பதினான்கு நத்தைகள், எல்லாம் நான் அச்சில் பார்க்க ஆசைப்பட்ட ஒரு தாளால்— [இதை முடிக்க என்னால் ஆகவில்லை. நீங்கள் வேண்டுமானால் முடியுங்கள். பேனா உங்களிடம்.]

மாமா இன்றுவரை அலுவலகத்தில் விசாரிக்கவில்லை. "தெரிஞ்சுக்கிட்டா கை நிக்கும்" என்கிறார். அக்கா அதற்குப் பிறகு கடைப்பக்கம் வரவில்லை. பட்டம் வாங்கியவர்களும் வருவதில்லை, வாங்காதவர்களும் வருவதில்லை; அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உங்களுக்கு உதவியாக, நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதிவைக்கிறேன்.

9

அக்கா அந்த ஐந்து புதுத் தாள்களையும் கையில் எடுத்து, நேராக அடுக்கினார். பிறகு இரண்டாக மடித்தார். மடித்த தாளை ஆய்வேட்டில் ஒட்ட முடியாது, நடுவில் கோடு விழுந்துவிடும். அதைச் சொல்ல மாமா வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அக்கா இது தெரிந்து மடித்தாரா, தெரியாமல் மடித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மடித்த தாள்களைக் கைப்பைக்குள் வைத்தார். பிளேடையும் ஒரு துண்டுத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டார். ஐந்து பிரதிகளையும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் நிமிர்ந்தேன். 'மன்னிச்சிருங்கக்கா' என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னைப் பார்த்த பார்வையை எட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். எட்டையும் அடித்துவிட்டேன்.

வழக்கமாகப் படியில் நின்று இன்னும் கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் போவார். அன்று படியிறங்கினார், வண்டிகளுக்கு வழிவிட்டு ஒரு நிமிடம் நின்றார், சாலையைக் கடந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் பல்கலைக்கழக வாசலுக்குள் போய்விட்டார்.