சீசன் வீட்டு வேப்பிலை

மெட்ராசிலிருந்து தென்காசிக்கு மாற்றல் என்று சிவசைலத்துக்கு உத்தரவு வந்தது 1958 தை மாதம். மயிலாப்பூரில் இருந்த அவருடைய அண்ணன் நயினார், துக்கம் விசாரிக்க வருகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த ஊரில் நல்ல டாக்டர் கிடையாது, எட்டு மணிக்கு மேல் தெருவில் ஆள் கிடையாது, கோயில் கோபுரம்கூட மொட்டையாக நிற்கிறது என்று அரைமணி நேரம் பேசினார். மேலதிகாரியை அனுசரித்துப் போகத் தெரியாதவனைத்தான் அங்கே தூக்கிப் போடுவார்கள் என்று தம்பிக்கு ஒரு புத்திமதியும் சொன்னார். அவர் மனைவி குழல்வாய்மொழி, சிவசைலத்தின் மனைவி நாச்சியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களை மறந்துடாதே" என்றாள். ஒரே ஊரில் பதினோரு வருஷம் இருந்தும் ஒரு தீபாவளிக்கு எட்டிப் பார்க்காதவள். நாச்சியார் கையை உருவிக்கொண்டு காபி போடப் போனாள்.

மூட்டை முடிச்சுகளோடு தென்காசியில் இறங்கியபோது, நயினார் சொன்னது பொய்யில்லை என்றுதான் நாச்சியாருக்குத் தோன்றியது. ஆனால் அவர் சொல்லாமல் விட்டதுதான் அதிகம். கோயிலுக்குத் தெற்கே ஒரு தெருவில் வீடு. வண்டியிலிருந்து சாமான் இறக்கும்போதே எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. யாரும் ஒரு கை கொடுக்கவில்லை, எண்ணிக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி மட்டும் உள்ளேயே வந்து, அடுக்களை வரைக்கும் பார்த்துவிட்டு, "தொட்டில் ஒண்ணும் கொண்டாரலையா மதினி?" என்று கேட்டாள். நாச்சியார் இல்லை என்றாள். மறுநாள் காலை பால்காரர் மாடக்கண்ணு, பாலை ஊற்றிக்கொண்டே, பிள்ளை வரத்துக்கு எந்தக் கோயிலில் எத்தனை வாரம் விளக்குப் போடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் ஆச்சரியமாக இல்லை. கடையில் கால் வீசை கருணைக்கிழங்கு வாங்கினால், வீடு வந்து சேர்வதற்குள், "இன்னைக்குக் கருணைக்கிழங்கு மசியலா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். புடவையை மெட்ராஸ் பாணியில் கட்டுகிறாள் என்று பேசினார்கள். ஒரு நாள் சினிமாவுக்குத் தனியாகப் போய் வந்தாள். அந்த வாரம் முழுவதும் சிவசைலத்திடம் ஆபீசில் ஒவ்வொருவராக வந்து, வீட்டில் எல்லாம் சௌக்கியமா என்று விசாரித்தார்கள். அவர் சிரித்து மழுப்பினார். எவன் என்ன சொன்னாலும் சிரித்து மழுப்புவது அவர் சுபாவம். நாச்சியாருக்கு அந்தத் தெருவையே பிடிக்கவில்லை. வேலை வெட்டியில்லாத ஜனங்கள், அடுத்த வீட்டு உலையில் என்ன கொதிக்கிறது என்று பார்ப்பதற்கென்றே பிறந்தவர்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே நாலைந்து மாதத்தை ஓட்டினாள்.

ஆனி பிறந்தது. மலைப்பக்கம் மேகம் இறங்கி, சாரல் விழ ஆரம்பித்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று மெட்ராஸ் பத்திரிகையில் ஒரு படம் போட்டார்கள். அவ்வளவுதான், தென்காசி என்ற ஊர் உலகத்தில் இருப்பது உறவினர்கள் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் ஞாபகம் வந்துவிட்டது. முதலில் சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்து நான்கு நாள் இருந்தான். அவன் போன மறுநாள், கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை பார்த்த ஒருவர், தன் மாமியாரோடு வந்து எட்டு நாள் இருந்தார். காலையில் அருவிக்குப் போவார்கள். குளித்த பசியோடு திரும்பி வருவார்கள். சாப்பிட்டுவிட்டு, ஈரத்துணியைக் கொடிகொடியாகத் தொங்கவிட்டுத் தூங்குவார்கள். எழுந்ததும், இந்தப் பட்டிக்காட்டில் எப்படித்தான் இருக்கிறாயோ என்று நாச்சியாருக்காக இரக்கப்படுவார்கள்.

ஆடி முதல் வாரம் நயினாரின் கடிதம் வந்தது. குழல்வாய்மொழியின் தங்கை குடும்பத்தையும் சேர்த்துப் பதினோரு பேர், வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறோம், ஐந்து நாள் தங்குவோம், குழல்வாய்மொழிக்கு மலைக்காற்று ஒத்துக்கொள்ளாததால் வெந்நீர் எப்போதும் தயாராக இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்.

சிவசைலம் படித்துவிட்டு, "அண்ணனாச்சே" என்றார்.

நாச்சியார் கடிதத்தை வாங்கி மடித்தாள். அவள் கொல்லைப்புறக் கிணற்றடியில் தனியாக அழுததைச் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து செண்பகவல்லி பார்த்துவிட்டாள். அவள் கண்ணுக்கு எதுதான் தப்பும்? சுவரேறி எட்டிப் பார்த்து விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டு ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்.

"இதுக்குப் போயா அழுதிய? நிலையில ரெண்டு கொப்பு வேப்பிலையைச் சொருகிட்டு உள்ள படுத்துக்கிடுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன். இந்தத் தெருவுல வருசம் ஒரு வீட்டுக்கு அம்மை வரத்தான் செய்யுது."

தெய்வக் குற்றம் என்று நாச்சியார் பயந்தாள். பதினோரு பேர் இலை போட்டு உட்காருவதை நினைத்தாள். இந்தப் பயம் அந்தப் பயத்தைத் தின்றுவிட்டது. சிவசைலம் வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே, செங்கோட்டையில் ஏதோ வேலை இருப்பதாகக் கிளம்பிப் போனார்.

காலையில் மூன்று குதிரைவண்டிகள் வாசலில் வந்து நின்றன. நாச்சியார் உள்ளறையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். ஜன்னல் இடுக்கு வழியாக எல்லாம் கேட்டது. செண்பகவல்லி வண்டிக்கு முன்னால் போய் நின்று, நாச்சியாருக்கு முத்து உள்ளங்கால் வரைக்கும் இறங்கியிருப்பதாகச் சொன்னாள். மாடக்கண்ணு அதற்கு மேல் போய், நேற்று ராத்திரி முழுக்கப் பிதற்றினார்கள் என்று சேர்த்துக்கொண்டார். எதிர்வீட்டு நாடார் ஒருவர், பட்டணத்துப் பிள்ளைகளை இந்தக் காற்றில் நிறுத்தாதீர்கள் என்று கரிசனமாகச் சொன்னார். நயினார் வண்டியிலிருந்து காலைக்கூடக் கீழே வைக்கவில்லை. தம்பி எங்கே என்றும் கேட்கவில்லை, தண்ணி வென்னி கொடுக்க ஆள் இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. வண்டிகள் வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் குற்றாலத்துப் பக்கம் திரும்பின.

கருணைக்கிழங்கு சமாச்சாரத்தை அரை நாழிகை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத தெரு, இந்தப் பொய்யை ஒருவர் வாயிலிருந்தும் சிந்தாமல் காத்தது. இந்த ஜனங்களுக்கு வாயை மூடவும் தெரியும், அதில் ஒரு வேடிக்கை இருந்தால் போதும் என்று நாச்சியார் நினைத்துக்கொண்டாள்.

ஐந்து நாள் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஏழாவது நாள், எல்லோரும் மெட்ராஸ் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்ற தைரியத்தில், செண்பகவல்லியோடு ஐந்தருவிக்குப் போனாள். சீசன் தொடங்கி ஒன்றரை மாதம் ஆகியும், ஊருக்கெல்லாம் வடித்துக் கொட்டியதில், அவள் இன்னும் ஒரு தடவைகூட அருவியில் தலையைக் காட்டியிருக்கவில்லை. பெண்கள் பக்கம் ஒரே நெரிசல். தலை நிறைய எண்ணெயோடு முட்டி மோதிக்கொண்டு உள்ளே புகுந்தபோது, எண்ணெய் வழியும் ஒரு முகம் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. குழல்வாய்மொழி. மலைக்காற்று அவளுக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டிருந்தது. குற்றாலத்திலேயே இன்னும் பத்து நாள் தங்குவதாக உத்தேசம்.

"நாச்சியார், உனக்கு அம்மைன்னு சொன்னாங்களே?"

அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வழக்கம் நாச்சியாருக்குச் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது. பக்கத்தில் நின்ற செண்பகவல்லியைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஆமாக்கா. இன்னைக்குத்தான் முதல் தண்ணி."

குழல்வாய்மொழி போட்ட சத்தம் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. என்ன ஏது என்று கேட்ட பெண்களுக்கு அவள் ஓடிக்கொண்டே பதில் சொன்னாள். வழுக்குப் பாறையில் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து, எண்ணெய்க் கிண்ணத்தையும் சீயக்காயையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லோரும் கரையேறினார்கள். அங்கே பண்பட்ட நாகரிக ஸ்திரீகள் பலர் இருந்தார்கள். ஒருத்திகூட நடந்து போகவில்லை. நாச்சியார் அவர்கள் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நடுவில் போய் நின்று, தோள் வலிக்கிற வரைக்கும் குளித்தாள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அருவியில் அம்மைக்காரி குளித்தாள் என்று யாரோ பெரிய மனிதர் வீட்டம்மாள் மனு கொடுத்துவிட்டாள். மூன்றாம் நாள் அம்மை குத்துகிற துல்கர்னைன் தன் பெட்டியோடு தெருவுக்கு வந்தார். நாச்சியாரின் முகத்தையும் கையையும் பார்த்தார். ஒரு தழும்பு இல்லை.

"ஒண்ணையும் காணமே, அம்மா" என்றார்.

"வந்த சுவடு தெரியாம போயிடுச்சு."

"சீசனுக்கு வருத அம்மைக்குச் சுவடு இருக்காது. இந்த வருசம் ஊருக்குள்ள இது நாலாவது வீடு" என்று அவர் முகம் மாறாமல் சொன்னார். "எனக்குத் தெரியும். ஆனா மனுன்னு வந்துட்டா தெரு பூராவும் குத்தாம போகமுடியாது."

குத்தினார். பொய்க்குக் காவல் நின்ற அத்தனை பேரும் கையை நீட்டினார்கள். மாடக்கண்ணு கொல்லை வழியாக ஓடப்பார்த்து அகப்பட்டார். மறுநாள் தெரு முழுக்கக் கை வீங்கிக் காய்ச்சலில் கிடந்தது. செண்பகவல்லி மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. நாச்சியார் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போனபோது, அதை வாங்கிக் குடித்துவிட்டு, "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியலையே உங்களுக்கு. முதல் தண்ணியாம்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு மாதம் வரைக்கும் தெருவில் ஒருவரும் நாச்சியாரிடம், என்ன கறி என்று கேட்கவில்லை. தென்காசிக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு நிம்மதியாக அவள் இருந்ததில்லை. பிறகு ஒரு நாள் செண்பகவல்லி சுவரேறி எட்டிப் பார்த்து, குழம்பு தாளிக்கிற வாசனை சரியில்லையே என்றாள். பழைய கதை ஆரம்பமாகிவிட்டது.

குழல்வாய்மொழி மெட்ராஸ் போய், அம்மையைக் கொண்டுவந்து அருவியில் கலந்த பாதகத்தி என்று சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு சீசனுக்கும் யாரும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

1962இல் சிவசைலத்துக்கு மறுபடியும் மெட்ராசுக்கே மாற்றல் கிடைக்கும்போல இருந்தது. சம்மதம் எழுதிக் கொடுத்தால் போதும். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகம் மலர்ந்திருந்தது. மயிலாப்பூரிலேயே, அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் வீடு பார்க்கலாம் என்றார்.

"வேண்டாம்னு எழுதிக் குடுங்க" என்றாள் நாச்சியார்.

அவர் புரியாமல் பார்த்தார். இந்த ஊர் பிடித்துப்போய்விட்டதா என்று கேட்டார்.

"இந்த ஊரை யாருக்குப் பிடிக்கும்?" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தப் போனாள். எதிர்வீட்டு வாசலில் நான்கு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.