காருக்குள் அடித்த வெயில்

நஸ்ருதீனின் காருக்குள் துபாய் வெயில் அடிக்கத் தொடங்கியது, அதன் எஞ்சின் கெட்டுப்போன அதே வாரத்தில். அப்போது ஐப்பசி மாதம். காரைக்காலில் மழை விட்டபாடில்லை. தலத்தெருவில் அவன் வீட்டு வாசலில் நின்ற பழைய நீலக் காரின் கூரையில் விழுந்த தண்ணீர் மட்டும் விழுந்த இடத்திலேயே ஆவியாகிக்கொண்டிருந்தது. முந்தின சனிக்கிழமை அவன் மனைவி ஜஸீலா மகளை டியூஷனில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அரசலாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கார் புகைந்து நின்றுவிட்டது. ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தாள். மறதியாக உள்ளே விட்டுவந்த குடையை எடுக்கக் கதவைத் திறந்தபோது அடுப்படி வெக்கை முகத்தில் அடித்தது. அவள் பயப்படவில்லை. மகளின் பள்ளிச் சீருடை மூன்று நாளாய் ஈரம் போகாமல் நாற்றமெடுத்துக் கிடந்தது. அதை எடுத்துவந்து ஸ்டியரிங்கில் மாட்டினாள். டீ போட்டுக் குடித்து முடிப்பதற்குள் மொறமொறவென்று காய்ந்திருந்தது. அடுத்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சீருடைகளும் வந்தன. எதிர்வீட்டில் ஈரம் பூத்த அப்பளத்தைத் தட்டோடு கொண்டுவந்து பின்சீட்டில் வைத்தார்கள்.

திருநள்ளாறு சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் முத்தையன் வந்து பானட்டைத் திறந்து பார்த்தான். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினை இறக்கித்தான் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றான். தற்காலிகமாக போல்ட்டுகளை மட்டும் இறுக்கிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் காருக்குள் போட்ட துணி காயவில்லை. மறுநாள் அவனே வந்து தளர்த்தியபோது வெக்கை திரும்ப வந்தது. எஞ்சினைச் சரிபண்ணினால் வெயில் போய்விடும் என்பது அதிலிருந்து எல்லாருக்கும் தெளிவாயிற்று. இது எந்த ஊர் வெயில் என்பதுதான் தெரியாமல் இருந்தது. ஒரு நாள் துபாயிலிருந்து போனில் பேசும்போது, இங்கே மணல்காற்று என்று நஸ்ருதீன் சொன்னான். ஜஸீலா போய்ப் பார்த்தாள். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்த காரின் சீட்டுகளில் பொடி மணல் படிந்திருந்தது. இந்தக் கடற்கரையில் அந்த நிறத்தில் மணல் கிடையாது.

அதற்குப் பிறகு பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது எல்லாவற்றையும் அவள் முன்சீட்டில் உட்கார்ந்து செய்யலானாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவன் ஊரில் இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தாலும் ஒரு வருஷம் தேறாது. புருஷன் இருக்கும் ஊரின் வெயிலில் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு காய்ந்த துணியை எடுக்கப் போனாள். காருக்குள் ஏசி போட்ட குளிர் அடித்தது. கையில் துணியோடு அங்கேயே நின்றாள். அவன் அறையில் ஏசி உண்டு என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் காருக்குள் இருப்பது ஊரின் வானிலை அல்ல, அவன் இருக்கும் இடத்தின் வானிலை. ஸ்டோர் கீப்பர் வேலை, உட்கார்ந்த இடத்தில் ஏசி, வெளியே போகவே வேண்டாம் என்றுதான் அவன் எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தான். பகலெல்லாம் கார் கொதித்துக்கொண்டிருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்தே நஸ்ருதீனின் தாயார் ஷரீபுன்னிசா, காரை உடனே ரிப்பேர் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். காரில் துணி காயும் கதையைக் கேட்டதிலிருந்து நஸ்ருதீனும் போனில் அதையே சொன்னான். ரிப்பேர் பண்ணு, இல்லையென்றால் தள்ளிவிடு என்றான். ஜஸீலா ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொன்னாள். மழை விடட்டும் என்றாள், முத்தையனுக்குக் கை ஒழியட்டும் என்றாள். கடைசியில் ஒரு மத்தியானம் மாமியாரே முத்தையனுக்கு ஆள் அனுப்பப் போக, ஜஸீலா வாசலை மறித்து நின்றாள்.

"துணி காயுதுன்னா வச்சிருக்கே?" என்றாள் ஷரீபுன்னிசா.

"இல்ல மாமி."

"எனக்குத் தெரியும் புள்ள. நீ தொழுதுகிட்டிருந்தப்ப நானும் அதுல உக்காந்து பாத்தேன். அது ஊரு வெயிலு இல்ல. நிக்கிற ஆளு தலையில நேரா எறங்குற வெயிலு." அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "தெரிஞ்சுகிட்டு நாம என்ன பண்ணப்போறோம்? மூடிரு."

"நாம மூடிட்டா அவங்களுக்கு வெயிலு கொறஞ்சிருமா மாமி?"

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். துபாயில் அது உச்சி கழிந்தும் வெயில் இறங்காத நேரம். தொழுது முடித்து இரண்டு பேரும் காரில் ஏறினார்கள், மருமகள் முன்னால், மாமியார் பின்னால். வெளியே மழை சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருவர் கழுத்திலும் வேர்வை வழிந்தது. ஜஸீலா போன் போட்டாள்.

"எங்கங்க இருக்கீங்க மச்சான்?"

"எங்க இருப்பேன், ஸ்டோர்லதான்."

"சித்த நெழல்ல போயி நில்லுங்க."

போனில் எங்கோ இரும்பு விழுகிற சத்தம் கேட்டது. பிறகு காலடிச் சத்தம் கேட்டது. பிடரியில் பாரமாக உட்கார்ந்திருந்த வெயில் சட்டென்று விலகி, காருக்குள் சுவரோரத்து நிழலின் ஆறுதல் வந்தது.

"இப்ப பரவால்ல," என்றாள் ஜஸீலா. "இங்க ஆறிருச்சு."

அப்புறம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். போன நோன்போடு கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது கட்டடக் கம்பி இறக்கும் யார்டில் வேலை. ஒப்பந்தம் முடிவதற்குமுன் கிளம்ப முடியாது. "உம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்," என்றான்.

"மாமி பின்சீட்டுலதான் இருக்காங்க."

ஷரீபுன்னிசா முன்னால் குனிந்து போனை வாங்கினாள். "தண்ணி குடிச்சியா வாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றோடு ரிப்பேர் பேச்சு நின்றது. மகளை ஆட்டோவில் அனுப்பினார்கள். மார்கழியில் காருக்குள் இதமாக இருந்தது, தெருவில் சிலர் வெறுமனே வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். சித்திரை பிறந்த பிறகு யாரும் கிட்டே வரவில்லை. டேஷ்போர்டு இளகி வளைந்தது, கதவின் கைப்பிடியைத் துணி சுற்றித்தான் தொட முடிந்தது. அப்போதும் மாமியாரும் மருமகளும் முறைவைத்து, தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்கள். அவன் தனியாக நிற்க வேண்டாம் என்பது ஷரீபுன்னிசாவின் எண்ணம். வெக்கை மிஞ்சினால் போன் போட்டு அவனை நிழலுக்குப் போகச் சொன்னார்கள். போக முடியாத நாட்களில் அவன் போனை எடுக்கவில்லை. அந்த நாட்களில் வீட்டில் சோறு மிஞ்சியது.

ஒப்பந்தம் முடிந்த ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை, காருக்குள் வறண்ட குளிர் வந்தது. ஜஸீலா உள்ளே ஏறியதும் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்தாள், விடவில்லை. விமானம் ஏறிவிட்டார் என்று மாமியிடம் கத்திச் சொன்னாள். தன் குரலே அவளுக்குக் கேட்கவில்லை. பிற்பகலில் காது படீரென்று திறந்தது, திருச்சி வெயில் அடித்தது. அப்புறம் ஓடுகிற வண்டியின் சன்னல் காற்று, தஞ்சாவூருக்கு இப்பால் எங்கோ பெய்த தூறல். பிறகு காருக்குள்ளும் வெளியிலும் ஒரே காற்றாகிவிட்டது. ஜஸீலா நிமிர்ந்து பார்த்தபோது வேன் வாசலில் நின்றது. கறுத்து, பாதியாகிப்போன நஸ்ருதீன் இறங்கிக்கொண்டிருந்தான். அன்று மாலை அவன் அந்தக் காரில் சும்மா உட்கார்ந்து பார்த்தான். ஒன்றும் தெரியலையே என்றான். நீங்க இங்கதானே இருக்கீங்க என்றாள் அவள்.

அதற்குப் பிறகும் கார் அப்படியேதான் நின்றது. இப்போது அதைத் தொட மூன்று பேருக்கும் தயக்கம். எஞ்சினைச் சரிபண்ணிவிட்டு அவன் மறுபடியும் போய்விட்டால், எங்கே நிற்கிறான் என்று தெரிந்துகொள்ள வழி கிடையாது. ரிப்பேர் பண்ணாமல் வைத்திருந்தால், போய்வா என்று நாமே சொல்கிற மாதிரி இருக்கும். புது விசா இருப்பதாக ஏஜெண்டு இரண்டு தடவை போன் செய்தான். நஸ்ருதீன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். ஆவணியில் ஒரு நாள் அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு, டீகூடக் குடிக்காமல் வெளியே போனவன் முத்தையனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தான். சங்கிலி போட்டு எஞ்சினை மேலே தூக்கினார்கள். ஷரீபுன்னிசா வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"அப்ப போகலையா?" என்று கேட்டாள்.

"இல்ல உம்மா," என்றான் நஸ்ருதீன், சங்கிலியைப் பிடித்தபடியே. ஜஸீலா உள்ளே போய் அரிசி களைந்தாள். நீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டேயிருந்தாள்.

இப்போது அந்தக் கார் நன்றாக ஓடுகிறது. நஸ்ருதீன் அதில் திருநள்ளாறு வருகிற பயணிகளை ரயிலடியிலிருந்து ஏற்றிப்போகிறான். கொஞ்ச நாள் முத்தையனுக்குத் தொந்தரவாக இருந்தது. குவைத்திலும் கத்தாரிலும் ஆள் இருக்கிற வீட்டுப் பெண்கள் நல்ல வண்டிகளைக் கொண்டுவந்து, அதே மாதிரி கெடுத்துத் தரச் சொன்னார்கள். தனக்குச் சரிபண்ணத்தான் வரும் என்று அவன் திருப்பி அனுப்பிவிட்டான். பின்னால் தானாகவே ஒன்றிரண்டு வண்டிகள் அப்படிக் கெட்டன. சித்திக்கா என்ற டீச்சரின் மகள் பிரான்ஸில் இருக்கிறாள். டீச்சரின் ஸ்கூட்டர் எஞ்சின் திணறத் தொடங்கியது, அவர் அதை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகவில்லை. இந்தப் பங்குனி வெயிலில் அவர் கம்பளி சுவெட்டரும் கையுறையும் போட்டுக்கொண்டு, வாயில் பனிப்புகை வர, திக்கித் திக்கி பாரதியார் சாலையில் போய்க்கொண்டிருந்தார். ஜஸீலாவோடு காரில் வந்த நஸ்ருதீன் வேகத்தைக் குறைத்து அவருக்கு வழிவிட்டான்.

"அங்க இன்னும் குளிரு விடல போலிருக்கு," என்றான்.

"காதக் கட்டாம போறாங்க பாருங்க," என்றாள் ஜஸீலா.