மக்கும் கஸ்பார்

செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி கஸ்பாரை எடுக்காமல் போய்விட்டது. அவர் நெற்றியில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது: ‘தரம் பிரிக்கப்படவில்லை.’

தீவில் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். வீட்டில் மூன்று நாள் அசையாமல் இருக்கும் எதுவும் குப்பை. கஸ்பார் சனிக்கிழமை முதல் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். குப்பையைப் பிரிப்பதில் ஒரு தவறு நடந்தால் கடல் ஒரு முழம் உள்ளே வரும். அறிவிப்புப் பலகை அப்படித்தான் சொன்னது. பலகை இப்போது கடலுக்குள் நிற்கிறது.

மனைவி பிலோமினா அவரைக் குப்பை அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். அதன் நடைவழி போன மாதம் பத்தடி நீளம்தான். இந்த மாதம் கட்டுச்சோறு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பாதி வழியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இலையைப் பச்சைத் தொட்டியிலும் ரப்பர் வளையத்தை நீலத் தொட்டியிலும் போட்டுவிட்டு மேலே நடந்தார்கள்.

மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தார்.

“மக்குமா, மக்காதா?”

“முப்பது வருசமாச் சொல்றேன் சார், மக்கு, மக்குன்னு. யாரு காதுல வாங்கினா?” என்றாள் பிலோமினா.

மேற்பார்வையாளர் ‘மக்கும்’ என்று எழுதினார்.

“ஐயோ சார், மக்கும் இல்ல. மக்கு!”

“மை காஞ்சிருச்சும்மா. பச்சைத் தொட்டி. உரக்குழிக்குப் போகட்டும்.”

“நீலத்துல போடக் கூடாதா?”

“நீலம்னா படகுல ஏத்தி அக்கரைக்கு அனுப்புவோம். அவங்க அப்படியே கடல்ல கொட்டிருவாங்க. நாலு நாள்ல இவரு உங்க வாசல்லயே கரை ஒதுங்குவாரு.”

“வீட்டுக்கு வந்துருவாருல்ல சார்?”

“அதைத்தாம்மா தடுக்கணும்.”

கஸ்பாருக்கும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதைச் சொல்ல ஒரு வாக்கியம் யோசித்தார். அது முடிவதற்குள் குழியில் இருந்தார்.

மக்கத் தொண்ணூறு நாள் அவகாசம். மீன் தலைகள் பத்தே நாளில் முடித்துவிட்டன. வெள்ளிதோறும் மேற்பார்வையாளர் குச்சியால் குத்திப் பார்த்தார்.

“என்னய்யா, ஆச்சா?”

“இன்னும் இல்லீங்க.”

“கொஞ்சம் முயற்சி பண்ணுய்யா. தீவே உன்ன நம்பி இருக்கு.”

எண்பத்தொன்பதாம் நாள் அவர் குரலைத் தாழ்த்தினார். “நாளைக்குள்ள மக்கலேன்னா உன் வீட்டம்மா தப்பாப் பிரிச்சதா ஆகிரும். சீட்டு அவங்க நெத்திக்குப் போயிரும்.”

கஸ்பார் மூச்சைப் பிடித்து முயன்றார். தன்னை ஒரு வாழைப்பழத் தோலாக நினைத்துப் பார்த்தார். பயனில்லை.

மாலையில் பிலோமினா குழம்புச் சட்டியோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

“மக்கறதுக்குக்கூடத் துப்பில்ல” என்றாள். அவர் இடது காதில் மண்ணை அடைத்து, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மிளகாய் விதையை எடுத்து ஊன்றினாள்.

காலையில் செடி பூத்திருந்தது. மேற்பார்வையாளர் ‘மக்கியது’ என்று கையெழுத்திட்டார்.

“பாத்தியா? மனசு வச்சா எல்லாம் முடியும்.”

வீட்டுக்கு வீடு ஒரு மூட்டை உரம் இலவசம். பிலோமினா தன் மூட்டைக்குப் பதிலாகக் கஸ்பாரையே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது அவர் அதே நாற்காலியில் இருக்கிறார். மூன்று நாள் விதி செடிகளுக்குப் பொருந்தாது. கடல் மட்டும் கையெழுத்தான அன்றும் ஒரு முழம் உள்ளே வந்தது. யாரோ பேனாவைத் தப்பான தொட்டியில் போட்டிருப்பார்கள்.

பிலோமினா சமையலறையிலிருந்து வந்து அவர் காதோரம் இரண்டு மிளகாய் பறித்தாள்.

“வலிக்குதா, மக்கு?”

கஸ்பாரிடம் பதில் இருந்தது. குழியில் இருந்த தொண்ணூறு நாளில் அந்த வாக்கியத்தை முடித்திருந்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. காதிலிருந்து மண் கொட்டிவிடும்.