செயலாளரும் செடி வண்டியும்

கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்துக்குப் புதிய செயலாளர் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். போட்டிக்கு வேறு யாரும் வரவில்லை என்பதால் அந்த ஒரு மனம் அவருடையதாகவே இருந்தது. மறுநாள் காலையில் எழுந்ததும் அவர் கண்ணைக் குத்தியது வாசலில் நின்ற பிக்கப் வண்டி.

"இது என்னம்மா, வண்டியா தகர டப்பாவா?" என்றார்.

மனைவிக்கு இது புதுச் செய்தி. முந்தின நாள் வரை அந்த டப்பாவில்தான் அவர்களுடைய செடிப்பண்ணை ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிகளை ஏற்றுவது, இறக்குவது, வண்டி ஓட்டுவது எல்லாம் அவள். அவர் கல்லாவில் உட்கார்ந்து, ரோஜாச் செடி கேட்டு வருகிறவர்களுக்கு நாட்டு நடப்பை விளக்குவார். வண்டிக்குக் கடைசித் தவணையையும் கட்டி முடித்தாயிற்று. இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது. மற்றபடி சொன்ன பேச்சைக் கேட்கும். அந்த வீட்டில் அப்படிக் கேட்பது அது ஒன்றுதான்.

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுறது பெரிசில்ல. ஒரு செயலாளர் வந்து இறங்குனா நாலு பேர் எந்திரிச்சு நிக்கணும்."

"இப்பவும்தான் நிக்கிறாங்க, வெளியில இருந்து கதவைத் திறந்துவிட."

கிண்டலடித்துவிட்டாளே தவிர, அவளுக்கு வேறு கணக்கு இருந்தது. பண்ணையை ஒட்டி ஒரு காலி மனை கிடந்தது. தவணைத் தொல்லை இல்லாத இந்த வருஷம் அதை வாடகைக்கு எடுத்து, நிழல்வலை போட்டு, நாற்றுகளைத் தானே வளர்ப்பது என்று ஆசை ஆசையாகத் திட்டம் வைத்திருந்தாள். மனைக்கார அம்மா வாரக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தார். புது வண்டி வந்தால் தவணை வரும், மனை போகும். இரண்டையும் தாங்க வருமானத்துக்குத் தெம்பு கிடையாது.

அதைச் சொன்னாள். "மனை என்ன, எழுந்து நடந்தா போயிடும்?" என்றார் செயலாளர்.

இரண்டு நாளில் ஷோரூமிலிருந்து ஒரு புது பிக்கப் வந்து நின்றது. சாயங்காலம் வரை ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் கையெழுத்துப் போடலாம், கீறல் விழுந்தால் மட்டும் நீங்கள்தான் பொறுப்பு என்று டை கட்டிய பையன் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனான். செயலாளர் அந்த நிமிஷமே பழைய வண்டியின் சாவியை மைத்துனன் கையில் கொடுத்துவிட்டார். அவன் குழாய் வேலை செய்பவன், அந்த வண்டியின் மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தவன். "இனிமே இது உன் வண்டி மச்சான். எடுத்துட்டுப் போ."

அன்றைக்குத்தான் ஒரு புது அலுவலகத்துக்குச் செடிகள் போக வேண்டியிருந்தது. அவள் முதல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு புது வண்டியை நெருங்கினாள். செயலாளர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார்.

"ஈர மண்ணு! இதுலயா?"

"பின்னே எதுல? தலையில வச்சுக்கிட்டுப் போகவா?"

பாயை விரித்துப் பார்த்தார். அதன் மேல் போர்வை விரித்தார். அதற்கும் மேல் பிளாஸ்டிக் தாள். தொட்டியின் அடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் கைபேசியை எடுத்தார். "மச்சான், அந்த வண்டியைக் கொஞ்சம் கொண்டு வாயேன்."

மைத்துனன் வந்தான். "வாடகை என்ன தருவீங்க மாமா?"

"என் வண்டிக்கு நானே வாடகையா?"

"காலையில நீங்கதானே மாமா 'உன் வண்டி'ன்னீங்க? செயலாளர் வாக்கு மாறலாமா?"

அக்காக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் புது வண்டியில் செயலாளர் தன்னந்தனியாக. பின்னால் பழைய வண்டியில் செடிகள், தம்பி, ஸ்டியரிங்கில் அவள். அலுவலக வாசலில் காவலாளி கை காட்டினார்.

"செடி வண்டி மட்டும்தான் சார் உள்ளே."

"இதுவும் செடி வண்டிதாம்பா."

"செடியைக் காணோமே?"

"செடி பின்னால வருது. நான் முன்னால வர்றேன்."

"எதுக்கு சார்?"

செயலாளர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். பழைய வண்டி அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிற்று.

வெளியே நிழலுக்கு ஒரே ஒரு மரம். மரம் நிறையக் காக்கைகள். அவள் உள்ளே தொட்டிகளை அடுக்கி, இலை துடைத்து, மேலாளரம்மாவிடம் மற்ற மாடிகளுக்கும் வேலை பேசி முடிக்கும் வரை, செயலாளர் தோள் துண்டைச் சுழற்றிக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். டீ குடிக்கக்கூட நகரவில்லை. அந்தப் பக்கம் வந்த சைக்கிளையெல்லாம் தூரப் போகச் சொன்னார். எழுந்து நின்றவர் அவர் ஒருவர்தான்.

அவள் வெளியே வந்தபோது அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"வண்டி எப்படிங்க, சொகுசா இருக்கா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வேலைக்காரன் மாதிரி காவல் காக்க வேண்டியிருக்கு. ஒரு நாளுக்கே நாக்கு தள்ளுது. தவணை முடியிற வரைக்கும் என்னால ஆகாதும்மா."

அவள் வெற்றிக் கொடி எதையும் ஏற்றவில்லை. பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி நீட்டினாள். "அப்போ மனைக்கார அம்மாவுக்குப் பதில் சொல்லிடட்டுமா?"

"சொல்லு. நான்தான் முடிவெடுத்தேன்னு சொல்லு."

அவள் அங்கிருந்தே ஃபோன் போட்டாள். மனைக்கார அம்மா, "புது வண்டி வாங்குறீங்கன்னு கேள்விப்பட்டேனே, இனி எங்கே வரப் போறீங்கன்னுல்ல நினைச்சேன்," என்று சந்தோஷமாக இழுத்தார். புது வண்டி சாயங்காலமே கீறல் இல்லாமல் ஷோரூமுக்குத் திரும்பியது. மைத்துனனைச் சமாதானப்படுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி அவனுக்கு என்ற ஒப்பந்தத்தில் பழைய வண்டியின் சாவி திரும்பியது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் செயலாளர் எளிமையைப் பற்றி நெடுநேரம் பேசினார். புதுசு புதுசாக வாங்கிக் கடனில் விழும் மனிதர்களை நினைத்தால் தனக்குத் தூக்கமே வருவதில்லை என்றார். கைதட்டினார்கள். அவளும் பின்வரிசையில் உட்கார்ந்து தட்டினாள். பேச்சுக்குச் செலவில்லை, பேசிக்கொள்ளட்டும்.

மறுநாள் நிழல்வலைக்கான கம்பங்கள் பழைய வண்டியில் மனைக்கு வந்து இறங்கின. செயலாளர் வேலியோரமாக முன்னும் பின்னும் நடந்து, தன் பெயர்ப்பலகைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"பலகை அப்புறம். முதல்ல இந்தக் கம்பத்தைப் பிடிங்க," என்றாள் அவள்.

பிடித்தார். அவள் குழியில் மண்ணைத் தள்ளி மிதித்தாள். கம்பம் கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது. அவள் தள்ளி நின்று பார்த்தாள். வலை கட்டினால் நேராகிவிடும் என்று தோன்றியது. அடுத்த குழியைக் காட்டினாள்.