உள்ளே இருக்கறத எடுத்துட்டுப் போடுங்க

…நாற்றம் என்றால்கூடப் பரவாயில்லை, நாற்றத்துக்கு ஒரு நேர்மை உண்டு, இது வேறு, நேற்றோ முந்தாநாளோ இதே பைக் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு, தோளைக் குலுக்கி, கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு வேண்டாமென்று கழற்றிப் போட்டுப் போன எவனோ ஒருவனின் வியர்வையும், அதன்மேல் கடைக்காரம்மா அடித்துவிட்ட ரோஜா ஸ்பிரேயும் கலந்து உண்டான மூன்றாவது ஒரு வஸ்து, அது இப்போது அவன் கழுத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜிப்பை மேலே இழுத்தான், தொப்பை தொடங்கும் இடத்தில் அது நின்றது, இன்னொரு இழுப்பு, ஏறியது. நல்லா பொருந்துதுண்ணே, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க, என்றாள் கடைக்காரம்மா. யாருக்கு யார் அண்ணன்? அவளுக்கு அவனைவிட ஐந்து வயதாவது கூடுதல் இருக்கும், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மார்பில் தொங்கவிட்டிருந்தாள், பேசும்போதெல்லாம் அது ஏறி இறங்கியது. மாப்பிள்ளையாம்… மதியம் ஒரு மணிக்கு, நாற்பத்து நான்கு வயதில், கிரீஸ் போகாத நகங்களோடு கண்ணாடிக்குள் நின்ற அந்த உருவம், மூட்டைக்கு உறை தைத்ததுபோல் இருந்தது. இது மூன்றாவது ஜாக்கெட். முதலாவது கக்கத்தில் பிடித்தது, இரண்டாவதுக்குள் கையை விட்டபோது முழங்கைப் பக்கம் ஏதோ ஈரம் தட்டியது, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான், அவள் அதைப் பார்த்துவிட்டு, புதுசுதாண்ணே, யாரோ போட்டுப் பார்த்திருப்பாங்க, என்றாள், ஏதோ ஆறுதல் சொல்வதுபோல. கடையில் இருந்த ஒரே மின்விசிறி கல்லாப்பெட்டியின் பக்கம் திரும்பியிருந்தது. கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கிய ஜாக்கெட்டுகள், தலையில்லாமல், கையை அகட்டிக்கொண்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் எத்தனை பேருடைய கழுத்து, எத்தனை பேருடைய முதுகு… சீ.

வேறு வழி இருந்தால் வந்திருக்கவே மாட்டான். இன்றைக்குப் பதினோராவது நாள். பதினோரு நாளாக அவன் மனைவி அவன் வண்டியில் ஏறவில்லை. தினமும் எட்டு இருபதுக்கு அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அவள் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடையில் இறக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் அவன் தன்னுடைய லிஃப்ட்டுகளைப் பழுதுபார்க்கப் போவான், ஒன்பது கட்டடங்கள், பதினேழு லிஃப்ட்டுகள், வண்டியிலேயே பாதி நாள் போய்விடும், பதினாறு வருடத்துப் பழக்கம் அது. இப்போது எட்டு மணிக்கே அவள் கிளம்பிப் பஸ்ஸில் போகிறாள். சாயந்தரம் வந்ததும் குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுகிறாள், பஸ்ஸில் உரசிய எவனுடைய வியர்வையையோ, அவன் கதவோரம் நின்று பார்ப்பான், பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டான். எல்லாம் நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு லாரி கொட்டிவிட்டுப் போன மணலில் ஆரம்பித்தது. திருப்பத்தில் வண்டி சறுக்கி, இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் உரிந்து போயிற்று. இருபது நாள், தினமும் விளக்கடியில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு ஸ்க்ரூ மாட்டுகிற சின்ன இடுக்கியால் ஒவ்வொரு பொடிக் கல்லாக அவள் எடுத்தாள், ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். இருபத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் இரண்டு பஸ் மாறி ஒரு ஜாக்கெட் வாங்கி வந்தாள். அவனும் போட்டான். போடாமலென்ன, மூன்று மாதம் போட்டான், வெயில் ஏற ஏற உள்ளே குக்கர் வைத்ததுபோல் ஆனது, சிக்னலில் நிற்கும்போது முதுகுத்தண்டில் ஓடும் ஒவ்வொரு சொட்டையும் எண்ணினான், பத்து மணிக்கே உள்சட்டையைப் பிழியலாம், அவனோடு லிஃப்ட்டில் ஏறுகிற பெண்கள் ஒரு மூலைக்கு ஒதுங்கினார்கள், அவனுக்கே அவன்மேல் குமட்டியது. அப்படியிருந்த ஒரு நாள்தான் அவளுடைய அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள், அந்த அக்காவின் எதிரிலேயே ஜாக்கெட்டைத் தரையில் வீசினான், நீ இதை வாங்கினது என்னைக் காப்பாத்தவா, வேகவெச்சு வடிக்கவா, என்று கேட்டான். அக்கா சிரித்துவிட்டாள். இவள் சிரிக்கவில்லை. ஜாக்கெட்டை எடுத்து உதறி ஆணியில் மாட்டிவிட்டு, சரி, போடாதீங்க, ஆனா ஜாக்கெட் இல்லாம ஓட்டற வண்டியில நான் ஏறமாட்டேன், என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் இவனும் கத்தியிருப்பான், ராத்திரிக்குள் சரியாகியிருக்கும், அவளோ கதவைச் சாத்துவதுபோல் மெதுவாகச் சொன்னாள். ஆக அவள் மறுபடி பின்னால் ஏறி உட்கார வேண்டும், அதற்கு ஒரு ஜாக்கெட் வேண்டும், ஆனால் அது அவள் வாங்கியதாக இருக்கக் கூடாது, அவன் தேடி, அவன் கண்டுபிடித்து, பார், வெயிலுக்கு இப்படித்தான் வாங்கணும், என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்… சொல்லக்கூட வேண்டாம், மாட்டிக்கொண்டு வாசலில் நின்றால் போதும்.

இதுவும் புழுங்குதுங்க, என்று மூன்றாவதையும் கழற்றினான். வெளியே போகாம, வண்டி ஓட்டாம, கடைக்குள்ள நின்னா எதுவும் புழுங்கத்தாண்ணே செய்யும், காத்து வந்து அடிச்சாத்தானே தெரியும், என்றாள் கடைக்காரம்மா. சரி, உங்களுக்கு எது வேணாம்னாவது சொல்லுங்க, வேணுங்கறது உங்களுக்கே தெரியல. அதற்காகத்தான் அவன் பழையதையும் கொண்டுவந்திருந்தான், பெட்ரோல் டாங்க்கின்மேல் கட்டி, செத்த பிராணியைக் கொண்டுவருவதுபோல். பையிலிருந்து உருவி மேஜைமேல் போட்டு, இது மாதிரி மட்டும் வேணாம், என்றான். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். என்னண்ணே, உள்ள யாரையாச்சும் புதைச்சு வெச்சிருக்கீங்களா? துவைக்கறதே இல்லையா? பக்கத்தில் கையுறை பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். காது சுட்டது. இந்த வாய் எதற்கு இவளுக்கு, வியாபாரம் செய்கிற வாயா இது… ஆனாலும் அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஜாக்கெட்டை வெளிச்சத்துக்குத் தூக்கினாள், முன்பக்கத் துணியை விரலால் விரித்தாள், பொட்டுப் பொட்டாக ஓட்டை. அண்ணே, இது வலைத்துணி, மெஷ்ஷு. வெயிலுக்குன்னே செஞ்சது. இதைவிடக் காத்து வர்ற ஜாக்கெட் எங்கிட்ட இல்ல, வேற எங்கயும் இல்ல. காத்தா, இதுலயா, என்று அவன் சிரித்தான், அந்தச் சிரிப்பு வெகுநேரம் நிற்கவில்லை. அவள் ஜாக்கெட்டை உள்புறம் வெளியாகப் புரட்டினாள், கழுத்துக்குக் கீழே எங்கேயோ நகத்தை விட்டு ஒரு ஜிப்பைக் கண்டுபிடித்தாள், அது தோளைச் சுற்றி, விலாவைச் சுற்றி, இடுப்பைச் சுற்றி சர்ரென்று ஓடியது, பாம்பு சட்டை உரிப்பதுபோல் உள்ளேயிருந்து இன்னொரு சட்டை முழுசாகக் கழன்று வந்தது. கறுப்பு பிளாஸ்டிக்போல் பளபளத்தது, அதன்மேல் வரி வரியாக வெள்ளை உப்பு, அவனுடைய உப்பு, மூன்று மாதத்து உப்பு. மழை உறைண்ணே, என்றாள் அவள். மழைக்காலத்துக்கு உள்ள மாட்டிக்கறது. பாருங்க, லேபிள்ல மழைத்துளி படம்கூடப் போட்டிருக்கான். மழைக்கோட்டை உள்ள மாட்டிக்கிட்டு வெயிலைத் திட்டியிருக்கீங்க! கையுறைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான்.

வாங்கும்போது யாரும் சொல்லலையா, என்று அவள் கேட்டாள். இல்லைங்க, வீட்டுல வாங்கினாங்க, அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது, என்று அவன் சொன்னான். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை, எச்சில் ஊறுவதுபோல், யோசிக்கவே இல்லை, வாய் திறந்ததும் மனைவியைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டு இவன் பின்னால் நின்றுகொண்டான். தெரியாதவங்க வாங்குற ஜாக்கெட் இல்லண்ணே இது, என்றாள் கடைக்காரம்மா, இப்போது கேலி இல்லாத குரலில், தோள், முழங்கை, முதுகு, மூணு இடத்துலயும் அடி தாங்கற தட்டு வெச்சது. இடது கைக்குத் தனியா கெட்டித்தட்டு வாங்கி மாத்தியிருக்காங்க, பாருங்க, இது கம்பெனி வைக்கறது இல்ல, கேட்டு வாங்கணும். இடது கை. அவன் இரண்டு முழங்கையையும் அமுக்கிப் பார்த்தான், ஒன்று தடித்திருந்தது, ஒன்று இல்லை, மூன்று மாதம் போட்டவனுக்கு அது தெரியவில்லை. அப்போதுதான்… படிக்கட்டு. முதல் நாள் காலை, ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் இறங்கிக்கொண்டிருந்தான், மேலேயிருந்து மனைவியின் குரல், உள்ள இருக்கறத எடுத்துட்டுப் போடுங்க. சொன்னாள். சொல்லத்தான் சொன்னாள். ஆனால் அது அவள் தினமும் சொல்வது, சட்டைப் பையில் பேனா, ஸ்க்ரூ, வாஷர், ஒரு தடவை முழு கிரீஸ் டப்பி, எல்லாவற்றோடும் அவன் துணியைத் துவைக்கப் போடுவான், மெஷின் இரண்டு தடவை கெட்டது, அதிலிருந்து அழுக்குக் கூடைப் பக்கம் போனாலே அவளிடமிருந்து அந்த ஒரே வாக்கியம், உள்ள இருக்கறத எடுத்துட்டுப் போடுங்க. அன்றைக்கும் அவன் சரி சரி என்றான், துவைக்கப் போடும்போது பையைப் பார்த்துப் போடு என்கிறாள் என்று நினைத்தான், அதற்கப்புறம் துவைக்கவும் போடவில்லை. போடுங்க. மாட்டிக்கொள்ளுங்கள் என்பதற்கும் போடுங்க, கூடையில் எறியுங்கள் என்பதற்கும் போடுங்க, என்ன பாஷை இது, ஒரு வார்த்தை வைத்தவன் இன்னொன்று வைத்திருக்கக் கூடாதா… பாஷைமேலும் பழி போட்டாயிற்றா? அங்கேயும் ஒரு போடு. எட்டுப் பேருக்குமேல் ஏறாதீர்கள் என்று லிஃப்ட்டுக்குள் கண்ணுக்கு நேராக எழுதி ஒட்டியிருக்கும், பத்தாவது ஆள் ஏறிக்கொண்டு, கதவு மூடலை, உடனே வாங்க, என்று போன் செய்வான், அவர்களைப் பற்றி இவன் வீட்டில் வந்து சொல்லாத கேலி இல்லை, கண்ணு இருந்தும் குருடனுங்க என்பான், அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

புதுசு எதுவும் வேண்டாம் என்றால் கடைக்காரம்மா என்ன நினைப்பாள், அவள் எதுவும் நினைக்கவில்லை, மழை உறையை ஒரு பாலிதீன் பையில் திணித்து, வினிகர் ஊத்தி ஊறவைங்கண்ணே, இல்லன்னா கொளுத்திடுங்க, என்று கொடுத்தாள். வாசலில் நின்று ஜாக்கெட்டை மாட்டினான். உடம்பில் பட்டதும் பழைய பிசுபிசுப்புக்காக முதுகு தானாகச் சுருங்கியது, எதுவும் ஒட்டவில்லை. வண்டியைக் கிளப்பினான். முதல் திருப்பம் தாண்டியதும் வந்தது காற்று, மார்பில் நுழைந்து, கக்கத்தில் சுழன்று, முதுகு வழியாக வெளியேறியது, சட்டையில்லாமல் ஓட்டுவதுபோல, சே, எவ்வளவு குளிர்ச்சி, அனல் காற்றிலும் வியர்வை பட்ட இடமெல்லாம் சில்லென்றது, அந்தச் சில்லிப்பு ஒவ்வொன்றும் யாரோ மேலே காறித் துப்புவதுபோல் இருந்தது. ஒவ்வொரு ஓட்டையும் அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய ஓட்டை. வேகத்தைக் குறைத்தான், காற்று குறையட்டும் என்று. சிக்னலில் நின்றபோது இயல்பாக முதுகில் சொட்டு இறங்குகிறதா என்று காத்திருந்தான், இறங்கவில்லை. இன்றைக்குச் சாயந்தரம் அவள் கடை வாசலில் போய் நிற்கலாம், ஆறு மணிக்கு வெளியே வருவாள், பார்ப்பாள், ஜாக்கெட் இருக்கிறது, ஏறித்தான் ஆக வேண்டும், அவள் சொன்ன சொல் அது. ஆனால் ஏறுவதற்கு முன்னால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். உள்ள இருந்ததை எடுத்துட்டேன் என்றா? அப்படியானால் மூன்று மாதம் அது உள்ளே இருந்தது என்று ஆகும், வேகவெச்சு வடிக்கவா என்று கேட்டது அந்தரத்தில் நிற்கும், அக்காவின் சிரிப்போடு. ஒரு சின்ன ரிப்பேர் இருந்தது, சரிபண்ணிட்டேன், என்று சொல்லலாம். பொய்யில்லை. ரிப்பேர்தானே… பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன். தலையைத் திருப்பியபோது கழுத்துப்பட்டையின் ஓரம் எங்கேயோ பிடித்தது. மறுபடி திருப்பினான். ஆமாம், உறுத்துகிறது, இடது காதுக்குக் கீழே, தையல் தூக்கிக்கொண்டிருக்கிறது, இதைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டாமா, காத்தெல்லாம் நல்லாத்தான் வருது, ஆனா இந்தக் கழுத்துப்பட்டை இருக்கு பார்… வாக்கியம் தானாகவே ஓடி முடிந்தது, மார்பில் ஏதோ இளகியது, காலையிலிருந்து முதன்முறையாக நன்றாக மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. இந்தச் சந்தோஷம் எதற்கு? கட்டடத்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். உறுத்தல் போய்விட்டிருந்தது. இடப்பக்கம் கழுத்தை மெதுவாகத் திருப்பினான், இல்லை, இன்னும் கொஞ்சம் திருப்பினான், எங்கேயாவது படாதா என்று.