பச்சைக் குறி பெற்ற டப்பா

“அம்மா, ரெண்டு நாளா முகம் எரியுது. மூக்கு ஓரமா தோல் உரியுது பாரு. இந்த மாதிரி சமயத்துல இப்படியெல்லாம் வருமா?” என்று காலையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே கேட்டாள் என் மகள்.

அவள் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். “நீ வயித்துல இருந்தப்ப எனக்குக் கழுத்தெல்லாம் கறுத்துப் போச்சு. ஒவ்வொருத்திக்கு ஒவ்வொண்ணு.”

நானும் பார்த்தேன். முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். கம்பி அறுந்த லிஃப்டில் பதினாறாம் மாடியிலிருந்து இறங்குவது எப்படி இருக்கும் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொண்டேன். ஏனென்றால் அந்த உரிசல் எனக்கு நன்றாகப் பழக்கமானது. மூக்கின் இரண்டு ஓரங்களிலும் தொடங்கி, பழைய சுவர்ப் பூச்சுபோலப் பொரிந்து, தாடைக்கு இறங்கும். மூன்று மாதத்துக்கு முன் என் முகமும் அதே இடத்தில் அதே மாதிரிதான் உரிந்தது.

“என்ன தடவுறே கண்ணு?” என்றேன்.

“பாத்ரூம் அலமாரியில இருக்குமே, அம்மாவோட ஓட்ஸ் க்ரீம். இந்த வீட்டுல பாஸ் ஆனது அது ஒண்ணுதான்.”

அந்த டப்பாவில் இருந்தது ஓட்ஸ் க்ரீம் இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சிரிப்பதானால் இங்கேயே சிரித்துவிடுங்கள், பிறகு நேரம் இருக்காது. நான் ஓய்வு பெற்ற அன்று எடுத்த குரூப் ஃபோட்டோவில், நடு நாற்காலியில், பிழிந்து காயப்போட்ட துணி ஒன்று கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அது நான். மறுநாளே ஒரு அழகுசாதனக் கடைக்குப் போய், சுருக்கம் நீக்கும் க்ரீம் இரண்டு ட்யூப் வாங்கினேன். “வைஃபுக்கு” என்று சொல்லித்தான் வாங்கினேன். இந்த விஷயம் பத்து மணிக்கு என் மனைவிக்குத் தெரிந்தால் பத்தே காலுக்கு அவள் தங்கைக்குத் தெரியும், பதினொன்றுக்குள் கடல் தாண்டிய சொந்தமெல்லாம் ஃபோனில் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆகவே அவள் தீர்த்துப் போட்ட ஓட்ஸ் க்ரீம் டப்பாவைக் கழுவி, இரண்டு ட்யூபையும் கடைசிச் சொட்டுவரை அதற்குள் பிதுக்கி, காலி ட்யூபை நாலு தெரு தள்ளிப் போய்க் குப்பைத்தொட்டியில் போட்டேன். அவள் அதற்குள் வேறு க்ரீமுக்கு மாறிவிட்டதால் அதைத் தொடவில்லை; எல்லார் கண் முன்னாலும் அலமாரியில் இருந்தது என் ரகசியம். உலகத்தில் இவ்வளவு கெட்டிக்காரன் வேறு யாரும் பிறந்ததில்லை என்று தினமும் பல் தேய்க்கும்போது நினைத்துக்கொள்வேன்.

என் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே வீட்டில் ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர். மாப்பிள்ளை வேலையாக ஒரு மாதம் வெளியூர் போயிருந்ததால், கர்ப்பிணியான அவள் எங்களோடு தங்க வந்திருந்தாள். பத்து வாரம். போன வருஷக் கர்ப்பம் ஒன்பதாவது வாரத்தில் நின்றுபோனது. யார் தப்பும் இல்லை என்று டாக்டர் எத்தனை தடவை சொல்லியும் அவள் நம்பவில்லை. தின்றது, குடித்தது, தடவியது என்று ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றி விசாரித்தாள். எதுவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளாததால் இந்தத் தடவை எல்லாவற்றையுமே சந்தேகப்பட்டாள். வந்த அன்றே அவள் அம்மாவின் அலங்கார மேஜையிலும் பாத்ரூம் அலமாரியிலும் ரெய்டு நடந்தது. கண்ணுக்கே தெரியாத எழுத்தையெல்லாம் ஃபோனில் பெரிதாக்கிப் படித்து, கர்ப்பிணி தடவலாமா கூடாதா என்று தேடிப் பார்த்து, பச்சை, சிவப்பு என்று குறி போட்டாள். முகப்பரு களிம்பிலிருந்து வெள்ளையாக்கும் க்ரீம்வரை அட்டைப்பெட்டிக்குள் கைதாகின. பச்சை கிடைத்தது ஓட்ஸ் டப்பாவுக்கு மட்டும்தான். நான் அப்போது வீட்டில் இல்லை. என் கெட்ட நேரம், சிநேகிதன் வீட்டு மோட்டாரைப் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்தேன்.

பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். இன்ஸ்பெக்டருக்குப் பயந்து ஒரு வாரமாகத் தொடாத டப்பாவைத் திறந்தால், நடுவில் ஒரு பள்ளம். பாதிக்கு மேல் காலி. நான் தடவினால் ஒரு பட்டாணி அளவு. இவள் தோண்டியிருந்ததோ சாலை போடுகிறவர்கள் தோண்டுவது போல.

முதலில் எனக்கு வந்த யோசனையை மறைக்காமல் சொல்கிறேன். கொட்டிவிடு. நிஜ ஓட்ஸ் க்ரீம் ஒன்று வாங்கி இதே அளவுக்கு நிரப்பி வை. ஒரு வாரத்தில் உரிசல் நின்றுவிடும். ‘பாரு, தானா சரியாயிடுச்சு’ என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கலாம். குழாயைத் திறந்து இரண்டு விரல் க்ரீமை வழித்துப் போட்டேன். அது சுழன்று ஓட்டைக்குள் போவதைப் பார்த்தபோதுதான் மண்டையில் உறைத்தது: இவள் இதை வயிற்றிலும் தடவியிருந்தால்?

“உள்ள என்ன, வெள்ளையடிக்கிறீங்களா?” என்று கதவைத் தட்டினாள் என் மனைவி.

டப்பாவை பேன்ட் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பக்கம் தொடை மட்டும் யானைத் தொடையாகப் புடைத்திருந்தது. “கொஞ்சம் நடந்துட்டு வரேன்” என்றேன்.

“இப்பத்தானே நடந்துட்டு வந்தீங்க?”

“அது நேத்துக் கணக்கு.”

தெருமுனை மருந்துக்கடையில் இருக்கும் அம்மாள் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தக் கடையில் சிரிப்பு மாத்திரை விற்றால்கூடச் சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டார். 

“என் ஃப்ரெண்டு ஒருத்தரோட பொண்ணு. பத்து வாரம். தெரியாம சுருக்கம் போற க்ரீமைத் தடவிடுச்சு” என்றேன்.

“என்ன க்ரீம்?”

பெயரைச் சொன்னேன். அலமாரியிலிருந்து அதே ட்யூபை எடுத்துத் திருப்பிப் படித்தார். “ரெட்டினால். பூஜ்யம் புள்ளி மூணு சதவீதம். கர்ப்பிணிகள் தவிர்க்கவும்னு இங்கயே போட்டிருக்கே. எத்தனை நாளா தடவினாங்க?”

“தெரியலை.”

“முகத்துல மட்டுமா, வேற எங்கயாச்சுமா?”

“தெரியலை.”

“ஒரு வேளையா, ரெண்டு வேளையா?”

முப்பத்து நான்கு வருஷத்தில் எந்த லிஃப்டும் என்னிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை. “ஆபத்தா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்களேன்” என்றேன்.

“மேல தடவுறது உள்ள போறது கொஞ்சந்தான். ஆனா அதை நான் சொல்லி நீங்க நிம்மதியாப் போயிடக் கூடாது. இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் அந்தப் பொண்ணுக்குத்தான் தெரியும். அது டாக்டர்கிட்ட சொல்லணும்.” கண்ணாடிக்கு மேலாக என் மூக்கின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே எனக்கும் லேசாக உரிந்துகொண்டுதான் இருந்தது. “உங்க ஃப்ரெண்டை உடனே வீட்டுக்குப் போகச் சொல்லுங்க.”

அந்த ட்யூபையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஐந்து நிமிஷ வழி. அன்றைக்கு அது அறுபது மைல் இருந்தது. ஓடிப் போகவும் பயம், மெதுவாகப் போகவும் பயம். வழியில் மூன்று குப்பைத்தொட்டிகள், மூன்றும் வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தன.

வீட்டுக்குள் நுழைந்தால் பாத்ரூம் அலமாரி தலைகீழாகக் கிடந்தது.

“என்னங்க, இங்க இருந்த ஓட்ஸ் க்ரீமைப் பாத்தீங்களா?” என்றாள் மனைவி. “இவ குளிச்சிட்டுத் தேடிட்டிருக்கா.”

மகள் தலையில் துண்டோடு நின்றிருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பக்கத்தில் ட்யூபை வைத்தேன்.

“இதுல இருக்கறது ஓட்ஸ் க்ரீம் இல்லை கண்ணு. அந்த ட்யூப்ல இருக்கறது. நான்தான் மாத்தி ஊத்தி வெச்சேன். சுருக்கம் போறதுக்கு. எனக்கு.”

இரண்டு பேரும் சிரித்தார்களே ஒரு சிரிப்பு! என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். “இவரா! சுருக்கமா! சோப்பு போடுறதுக்கே தினம் சண்டை போடணும்!”

“அப்பா, போன வாரம் லிஃப்டுக்குள்ள குதிரை மாட்டிக்கிச்சுன்னு சொன்னீங்க. இது அதைவிட நல்லாருக்கு. டப்பாவைக் குடுங்க.”

கையை நீட்டி எடுத்தேவிட்டாள். மூடியைத் திருகினாள். நான் வாழ்நாளில் சொன்ன அத்தனை புளுகும் திரண்டு வந்து அந்த நிமிஷத்தில் என் வாயைப் பொத்தின. விரல் டப்பாவுக்குள் போவதற்குள் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். கொஞ்சம் அழுத்தமாகவே பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. அவள் சிரிப்பு நின்றது.

“என் மூஞ்சியைப் பாரு. மூக்கோரம் பாரு. தாடையைப் பாரு. உனக்கு எங்க உரியுதோ அங்கதான் எனக்கும் உரியுது. வெயில்னு உங்கம்மாகிட்ட பொய் சொன்னேன்.”

பார்த்தாள். ட்யூபை எடுத்தாள். பின்பக்கம் திருப்பிப் படித்தாள். படித்து முடித்ததும் அவள் முகத்தில் இருந்த சிவப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

“பதினோரு நாள்” என்றாள் யாரிடமோ. “காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. முகம், கழுத்து. அஞ்சு நாளா வயித்துலயும்.”

என் மனைவி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவள் மகளின் தலையிலிருந்த துண்டை எடுத்து, ஈரம் சொட்டாத தலையைத் திரும்பத் திரும்பத் துவட்டிக்கொண்டே இருந்தாள். 

“நான் ஒவ்வொரு எழுத்தாப் படிச்சேம்மா” என்றாள் மகள். “ஒண்ணுகூட விடலை.”

அவளே டாக்டருக்கு ஃபோன் செய்தாள். அவளே வண்டியைக் கூப்பிட்டாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஒவ்வொரு சிக்னலும் எங்களைப் பார்த்ததும் வேண்டுமென்றே சிவப்பானது.

டாக்டர் நிதானமான மனுஷி. ட்யூபைப் படித்தார், மகள் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார். “சொல்றேன், கேளும்மா. இந்த வகை மருந்தை மாத்திரையா உள்ளுக்குச் சாப்பிட்டா அது நிச்சயமா ஆபத்து. நீ சாப்பிடலை. தோல் வழியாப் போறது ரொம்பக் குறைச்சல். இப்படித் தெரியாமத் தடவினவங்களைப் பத்தின ஆராய்ச்சியில பெருசாக் கெடுதல் எதுவும் தெரியலை. அப்புறம் ஏன் வேண்டாங்கறோம்? தேவையில்லாத ஒண்ணுக்கு எதுக்கு ரிஸ்க்குன்னுதான். இன்னையோட நிறுத்திடு. அவ்வளவுதான்.”

“நூறு சதவீதம் ஒண்ணும் ஆகாதா?” என்றாள்.

“நீ எதுவுமே தடவாம இருந்தாலும் நூறு சதவீதம்னு நான் சொல்ல மாட்டேன்.” பேனாவை மூடி வைத்தார். “படு, ஒரு தடவை பாத்துடலாம். க்ரீமுக்காக இல்லை, நான் சொன்னதை நீ நம்பலை, அதுக்காக.”

என்னை வெளியே உட்கார வைத்தார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. போன வருஷம் இதே மாதிரி ஒரு படுக்கையில்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். முப்பத்தேழுவரை எண்ணினேன். இதில் ஒன்றுகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. முப்பத்தெட்டாவதில், அடிபட்ட தகரம்போல ஒரு குட்டி இதயத்தின் சத்தம், டபடபடபவென்று, எதற்கோ அவசரப்பட்டுக்கொண்டு வந்தது. உள்ளே என் மனைவி ஓவென்று அழுதாள். நான் நடைபாதையில் நின்ற நர்ஸுக்குக் கும்பிடு போட்டேன். அவர் பாவம், டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

வெளியே வந்த மகள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அம்மா மருந்துச் சீட்டோடு வரிசைக்குப் போயிருந்தாள்.

“காலையில டப்பாவை எடுத்துட்டுப் போனீங்கல்ல. சொல்லாம மறைச்சிடலாம்னு நினைச்சீங்களா?”

நான் சரளமாகப் புளுகுகிறவன். அன்றைக்கு வந்தது உண்மைதான். “நினைச்சேன்.”

“எவ்வளவு நேரம்?”

“வீட்டு வாசல் வர்றவரைக்கும்.”

முன்னால் போய்க்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “இருபதாவது வாரம் ஒரு பெரிய ஸ்கேன் இருக்கு. கை, கால், இதயம்னு எல்லாம் அதுலதான் தெரியும். அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. உங்களுக்கும் வரக் கூடாது.”

“வராது கண்ணு.”

“அன்னைக்கு இப்படி வெளில உக்காரக் கூடாது. உள்ள வரணும். என்ன சொன்னாலும் என்கூட நின்னு கேக்கணும்.”

பத்து வாரம். அந்த ஸ்கேனுக்கு இன்னும் அவ்வளவு இருந்தது. என் மனைவி இரண்டாம் நாளே தன் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கடல் தாண்டி ‘இளமை’ என்று எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். யாரிடமும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் ஊருக்குப் போன பிறகும் தினமும் ஃபோன் செய்வாள். “தூங்கினீங்களா?” என்பாள். “இல்லை” என்பேன். “சரி” என்று வைத்துவிடுவாள். நிஜமாகவே தூங்கவில்லை. 

அந்த நாள் வந்தது. மாப்பிள்ளை அவள் தலைமாட்டில் நின்றார், நான் கால்மாட்டில். அறை இருட்டு. ஸ்கேன் பார்க்கிற டாக்டர் புதியவர், இளைஞர், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு யுகம் எடுத்துக்கொள்பவர். “முதுகெலும்பு… சரி.” கருவியை நகர்த்தினார். “கை… விரல்… சரி.” திரையில் சாம்பல் நிறத்தில் மேகம் கலைந்து சேர்ந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததெல்லாம் பயங்கரமாக இருந்தது. “உதடு…” என்றவர் நிறுத்தினார். சாய்த்துப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். “திரும்ப மாட்டேங்குது. இருங்க.” மகள் கண்ணை மூடிக்கொண்டாள். கட்டிலின் கம்பியை நான் பிடித்த பிடியில் அது வளைந்திருக்க வேண்டும். வளையவில்லை என்றால் நல்ல கம்பி. “ம். உதடு சரி. இதயம்… நாலு அறையும் தெரியுது. சரி.” இன்னும் ஏதேதோ அளந்தார். கடைசியில் விளக்கைப் போட்டார்.

“இப்போதைக்குப் பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு. எல்லாம் நல்லா இருக்கு.”

மாப்பிள்ளை எதையோ சொல்லிச் சிரித்தார். எனக்குக் காதில் விழவில்லை. மகள் கண்ணைத் திறந்து, படுத்தபடியே தலையைத் தூக்கி, கால்மாட்டுப் பக்கம் பார்த்தாள்.

“அப்பா,” என்றாள், “மூச்சு விடுங்க.”